அந்தரத்தில் ஒரு சக்கரம்

டொயோட்டா டக்கோமா பிக்கப்பின் மூன்றாம் தலைமுறை அமெரிக்காவில் 2016 மாடலில் தொடங்கி 2023 வரை விற்றது. அதில் ‘டிஆர்டி ஸ்போர்ட்’, ‘டிஆர்டி ஆஃப்-ரோடு’ என்று இரண்டு வகைகள் உண்டு. விலையில் பெரிய இடைவெளி கிடையாது. ஸ்போர்ட்டின் பானெட் மேல் காற்றை உள்ளே இழுப்பதுபோல ஒரு திறப்பு இருக்கும். எஞ்சினுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, சும்மா அலங்காரம். ஆஃப்-ரோடு வகையில் அந்தத் திறப்பு கிடையாது; பின்தொட்டியின் பக்கவாட்டில் பெயர் மட்டும் பெரிதாக ஒட்டியிருக்கும். இரண்டிலும் ஒரே 3.5 லிட்டர் வி6 எஞ்சின். ஃபோர் வீல் டிரைவாக எடுத்தால் இரண்டிலும் முன்பின் ஆக்ஸில்களுக்கு விசையைப் பிரிக்கும் ஒரே டிரான்ஸ்ஃபர் கேஸ், மெதுவாக ஊர்வதற்கான ஒரே லோ ரேஞ்ச். தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் உள்ள உயரம்கூட இரண்டுக்கும் 9.4 அங்குலம்தான், சுமார் 24 செ.மீ.

அப்படியானால் காட்டுப் பாதைக்கு என்று தனியாக என்னதான் விற்கிறார்கள்? முக்கியமான பொருள் வெளியே தெரியாது. அது பின் ஆக்ஸிலின் நடுவே, எண்ணெயில் ஊறியபடி, ஒரு இரும்புக் குடத்துக்குள் இருக்கிறது.

வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். எவ்வளவு அதிகம்? இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே 1.6 மீட்டர் என்றால், ஒரு முழு வட்டம் அடிப்பதற்குள் வெளிச் சக்கரம் ஏறக்குறைய 10 மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கும். வட்டம் சிறிதா பெரிதா என்பது கணக்கிலேயே வராது. இரண்டு சுற்றளவுகளைக் கழிக்கும்போது ஆரம் அடிபட்டுப் போகிறது, இடைவெளி மட்டும் மிஞ்சுகிறது. ஊரைச் சுற்றி வந்தாலும் வீட்டு வாசலிலேயே வட்டமடித்தாலும் அதே 10 மீட்டர்தான். இரண்டு சக்கரங்களையும் ஒரே தண்டில் இறுக்கி மாட்டியிருந்தால், ஒவ்வொரு திருப்பத்திலும் ஏதோ ஒரு டயர் சாலையில் தேய்ந்து இழுபட்டே ஆக வேண்டும்.

இதற்கு 1820களின் இறுதியில் பிரான்சின் ஒனெசிஃபோர் பெக்கூர் தன் நீராவி வண்டிக்காகக் கண்ட வழிதான் இன்றைய டிஃபரன்ஷியலின் மூலம். எஞ்சினிலிருந்து வரும் சுழற்சி கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்துக்குப் போகிறது. கிரவுன் வீல் ஒரு கூட்டைச் சுழற்றுகிறது. கூட்டின் குறுக்கே ஒரு முளை, அந்த முளையில் சின்னப் பல்சக்கரங்கள், அவற்றைக் கவ்வியபடி இடமும் வலமும் இரண்டு ஆக்ஸில் தண்டுகளின் பல்சக்கரங்கள். முளையில் இருக்கும் அந்தச் சின்னப் பல்சக்கரத்தைத் தராசுக் கோலாக நினைத்துக்கொள்ளலாம். நடுவில் பிடித்துத் தள்ளுகிறோம், இரு முனைகளும் இரண்டு ஆக்ஸில்களைத் தள்ளுகின்றன. ஒரு பக்கம் எதிர்ப்பு குறைந்தால் கோல் அந்தப் பக்கம் ஓடும். ஓடினாலும் இரண்டு முனையிலும் இருக்கும் விசை எப்போதும் சமம்தான். ஒரு முனை லேசாகிவிட்டால், மறுமுனையில் கனமாக அழுத்த முடியாது.

இங்கேதான் பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். சும்மா சுழலும் சக்கரம் எஞ்சினின் சக்தியை எல்லாம் தின்றுவிடுகிறது, அதனால்தான் மற்றச் சக்கரத்துக்கு எதுவும் போகவில்லை என்பார்கள். உண்மையில் சாதாரண டிஃபரன்ஷியல் திருப்புவிசையைச் சரிபாதியாகத்தான் பிரிக்கிறது. வேகத்தில்தான் அது இளகிக் கொடுக்கும். இடது சக்கரம் பனியில் நிற்கிறது, 100 நியூட்டன் மீட்டருக்கு மேல் கொடுத்தால் வழுக்கிவிடும் என்று வைப்போம். வலது சக்கரம் உலர்ந்த பாறையில் நிற்கிறது, 1,500 வரை தாங்கும். மொத்தம் 1,600 கிடைக்க வேண்டாமா? கிடைப்பது 200. வலதுக்கும் அதே 100தான். இடது சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அதன் எதிர்ப்பு சுழியம், ஆகவே பாறையில் உறுதியாக நிற்கும் வலது சக்கரத்துக்கும் சுழியம்.

நான்கு சக்கரத்துக்கும் எஞ்சின் இணைந்திருந்தாலும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. கரடுமுரடான ஓடைக் கரையில் வண்டி குறுக்குவாட்டில் ஏறும்போது முன் இடதும் பின் வலதும் ஒரே நேரத்தில் தூக்கிக்கொள்ளும். முன்னும் பின்னும் சாதாரண டிஃபரன்ஷியல் என்றால், தூக்கிய இரண்டு சக்கரங்களும் விசிறியாகச் சுழலும், தரையில் இருக்கும் இரண்டும் அசையாது. 300 குதிரைசக்தியை நெருங்கும் எஞ்சின் இருந்தும் வண்டி நகராது.

எஞ்சின் பெரிதாக இருந்தால் சமாளிக்கலாம் என்பவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. டக்கோமாவின் எஞ்சின் உச்சத்தில் தருவது 359 நியூட்டன் மீட்டர். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் முதல் கியரின் விகிதம் 3.60, லோ ரேஞ்ச் 2.57, ஆக்ஸில் 3.91. மூன்றையும் பெருக்கினால் 36. உராய்வு இழப்பை விட்டுவிட்டால், சக்கரங்களுக்கு 12,900 நியூட்டன் மீட்டர் வரை போகலாம். டயரின் ஆரம் 39 செ.மீ. என்பதால் தள்ளுவிசை 33,000 நியூட்டன். ஆனால் 2,000 கிலோ வண்டி, நல்ல உலர்ந்த பாறையில், நான்கு டயரும் சரியாகப் பதிந்திருந்தாலும் தரையைப் பிடித்துத் தள்ளக்கூடியது சுமார் 16,000 நியூட்டன்தான். ஈரச் சேற்றில் அதிலும் பாதிக்கும் கீழே. எஞ்சினிடம் இருப்பது தேவைக்கு இரண்டு மடங்கு. தட்டுப்பாடு பிடிப்பில்தான்.

லோ ரேஞ்சின் அருமை வேறு இடத்தில் இருக்கிறது. கையால் கியர் போடும் டக்கோமாவில் மொத்த விகிதம் 44. எஞ்சின் நிமிடத்துக்கு 700 சுற்றில் சும்மா முனகிக்கொண்டிருக்க, ஆக்ஸிலரேட்டரில் கால் படாமலே வண்டி மணிக்கு இரண்டு கிலோமீட்டரை ஒட்டி ஊர்ந்து போகும். ஒரு பாறையில் டயரை வைத்து, அது ஏறுவதைக் காதால் கேட்டு, அடுத்த பாறைக்கு ஸ்டியரிங்கைத் திருப்ப நேரம் கிடைக்கும். இறக்கத்தில் பிரேக்கை மிதிக்காமலே எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தி இறக்கும். இந்த வசதி ஃபோர் வீல் டிரைவுடன் வருவது. ஸ்போர்ட் வாங்கியவருக்கும் இது உண்டு என்பதை விற்பனையாளர் சொல்ல மறந்துவிடலாம்.

ஆஃப்-ரோடு வகைக்கு மட்டும் உரியது பின் டிஃபரன்ஷியலுக்கான பூட்டு. ஒரு பொத்தானை அழுத்தினால் இரண்டு பின் ஆக்ஸில்களும் ஒரே தண்டாகிவிடும். இப்போது வேகம் சமம், திருப்புவிசை எந்தச் சக்கரத்துக்குப் பிடிப்பு இருக்கிறதோ அதற்குப் போகும். முன்பு சொன்ன பாறையில் 1,500ம் பனியில் 100ம் சேர்ந்து அந்த 1,600 கைக்கு வந்துவிடும். தார்ச்சாலையில் இதைப் போட்டுக்கொண்டு திரும்பினால் டயர் தேயும், ஆக்ஸில் முறுக்கிக்கொள்ளும். அதனால் இந்த டக்கோமாவின் ஃபோர் வீல் டிரைவில் லோ ரேஞ்சில் மட்டுமே பூட்டு விழும்படி வைத்திருக்கிறார்கள்.

பூட்டு இல்லாத ஸ்போர்ட்டில் அதற்குப் பதில் பிரேக் வேலை செய்கிறது. வீணாகச் சுழலும் சக்கரத்தை மட்டும் கம்ப்யூட்டர் பிரேக் போட்டுப் பிடிக்கும். அந்தப் பக்கம் செயற்கையாக ஒரு எதிர்ப்பு வந்துவிட்டதால் மறுபக்கமும் அதே அளவு திருப்புவிசையைப் பெறும். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான். வருடத்தில் இரண்டு தரம் ஈரப் புல்லில் சிக்குகிறவருக்கு இதுவே தாராளம். ஆனால் சக்கரம் சுழன்ற பிறகுதான் கம்ப்யூட்டர் விழித்துக்கொள்ளும். பாறை மேல் அந்த அரை நொடியில் வண்டி பின்னால் நழுவிவிடும். எஞ்சின் கொடுத்ததில் ஒரு பங்கு பிரேக்கில் சூடாகிப் போகும்.

ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப்புகளில் மூன்றாவது ஒரு வழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஆர்டர் தாளில் ஜி80 என்ற குறியீட்டில் வரும் ஈட்டன் நிறுவனத்தின் டிஃபரன்ஷியல் அது. 1970களிலிருந்து இருக்கிறது. மின்சாரம் கிடையாது, பொத்தான் கிடையாது. உள்ளே ஒரு சின்ன கவர்னர், அதில் இரண்டு எடைகள். இடது வலது சக்கரங்களின் வேக வித்தியாசம் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்றைத் தாண்டினால் எடைகள் மையவிலக்கு விசையில் வெளியே விரியும், ஒரு கொக்கியில் மாட்டும். மாட்டியதும் ஒரு சரிவான தட்டு மேலேறி கிளட்ச் தட்டுகளை இறுக்கும். இரண்டு ஆக்ஸிலும் சேர்ந்துகொள்ளும். சாதாரணத் திருப்பங்களில் அந்த 100 சுற்று வித்தியாசம் வருவதே இல்லை என்பதால் சாலையில் அது தூங்கிக்கொண்டே இருக்கும். வண்டி மணிக்கு முப்பது கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால், வேகத்தில் திடீரென்று பூட்டிக்கொள்ளாதபடி தடுக்கவும் தனி ஏற்பாடு உள்ளேயே உண்டு. பூட்டும்போது ‘டொக்’ என்று ஒரு அதிர்வு வரும். பழக்கமில்லாதவர்கள் ஆக்ஸில் உடைந்துவிட்டது என்று பயந்து மெக்கானிக்கிடம் ஓடுவார்கள்.

அதே நிறுவனத்தின் இசட்71 என்ற பெயரும் இப்படி ஆர்டர் தாளில் இருந்து வந்ததுதான். 1988 மாடல் செவ்ரோலே பிக்கப்பில் ஆஃப்-ரோடு சேசிஸ் பேக்கேஜுக்கு வைத்த தொழிற்சாலைக் குறியீடு அது. பில்ஸ்டைன் ஷாக் அப்சார்பர்களும் அடியில் காப்புத் தகடுகளும் அதில் சேர்த்தி. குறியீடு ஸ்டிக்கராகி, ஸ்டிக்கர் அந்தஸ்தாகிவிட்டது. ஃபோர்டின் எஃப்-150 பிக்கப்பில் இதுபோன்ற பேக்கேஜின் பெயர் எஃப்எக்ஸ்4. வாங்குகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது, பூட்டு என்பது இந்தப் பேக்கேஜ்களின் தனிச்சொத்து அல்ல என்பதுதான். எஃப்எக்ஸ்4 இல்லாத எஃப்-150க்கும் மின்பூட்டு ஆக்ஸிலைத் தனியாக ஆர்டர் செய்ய முடிந்திருக்கிறது. இசட்71 இல்லாத செவ்ரோலே சில்வராடோ பிக்கப்பிலும் ஜி80 கிடைக்கும். பேக்கேஜின் பெயரைப் படிக்காமல் அதன் பட்டியலைப் படிக்க வேண்டும்.

அந்தப் பட்டியலில் பூட்டுக்கு அடுத்து மதிப்புள்ளது ஷாக் அப்சார்பர். பெயர் அதிர்ச்சியை உறிஞ்சுவதாகச் சொன்னாலும், அதன் தொழில் அசைவை வெப்பமாக்குவது. ஸ்பிரிங் ஆடும், பிஸ்டன் எண்ணெயைச் சிறு துளைகள் வழியே பிதுக்கும், எண்ணெய் சூடாகும். நகரச் சாலையில் அந்தச் சூடு பொருட்டே இல்லை. யூட்டா, நெவாடா பாலைவனத்தின் சரளைச் சாலைகளில் கதை வேறு. அங்கே சாலையின் குறுக்கே ஓரிரு அடி இடைவெளியில் வரிவரியாக மேடு பள்ளம் விழுந்திருக்கும். ‘வாஷ்போர்டு’ என்பார்கள். மணிக்கு ஐம்பது அறுபது கிலோமீட்டரில் போனால் நொடிக்கு ஐம்பது தடவைக்கு மேல்கூடச் சக்கரம் குதிக்கும்.

இந்த வரிகள் ஏன் விழுகின்றன என்பதே ஒரு நல்ல இயற்பியல் கேள்வி. வண்டிகளின் ஸ்பிரிங்தான் காரணம் என்று நினைக்கத் தோன்றும். நிக்கோலா தாபெர்லே, ஸ்டீஃபன் மோரிஸ், ஜிம் மக்கெல்வேன் மூவரும் சுழலும் மேசையில் மணலைப் பரப்பி, அதன்மேல் ஒரு சக்கரத்தை உருளவிட்டுப் பார்த்து, 2007-இல் ‘பிசிகல் ரிவ்யூ லெட்டர்ஸ்’ இதழில் எழுதினார்கள். ஸ்பிரிங்கே இல்லாத சக்கரமும் மணலில் வரி போட்டது. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே உருண்டால் மணல் சமமாகவே கிடக்கிறது, அதைத் தாண்டினால் வரி முளைக்கிறது. அந்த எல்லை வேகம் நடைமுறையில் மிகவும் குறைவு. அந்த வேகத்துக்குக் கீழே வண்டி ஓட்டும் பொறுமை யாருக்கும் இல்லாததால் வரிகளும் போகப்போவதில்லை.

இரட்டைக் குழாய் கொண்ட சாதாரண ஷாக் அப்சார்பரில் எண்ணெயும் வாயுவும் ஒரே அறையில் இருக்கும். வாஷ்போர்டில் இருபது நிமிடம் அடி வாங்கினால் இரண்டும் கலந்து நுரைக்கும். நுரையைத் துளை வழியே தள்ளுவதற்கு விசை வேண்டாம், ஆகவே அடக்கும் சக்தி போய்விடும். வண்டியின் பின்பக்கம் தரையை விட்டுத் துள்ளி ஒதுங்கத் தொடங்கும். ஒற்றைக் குழாய் வகையில் மிதக்கும் பிஸ்டன் ஒன்று எண்ணெயையும் உயரழுத்த நைட்ரஜனையும் பிரித்து வைக்கிறது, நுரைக்க வழியில்லை. குழாயின் சுவர் நேராக வெளிக்காற்றைத் தொடுவதால் சூடும் சீக்கிரம் இறங்கும். டக்கோமா ஆஃப்-ரோடு வகையில் இருந்த பில்ஸ்டைன் இந்த ஒற்றைக் குழாய் வகை. ஸ்போர்ட்டின் ஷாக் அப்சார்பர்களைச் சாலைக்காக இறுக்கமாக அமைத்திருந்தார்கள். நெடுஞ்சாலையில் தடம் மாறும்போது அதுதான் நன்றாக நிற்கும், ஆஃப்-ரோடு சற்றே ஆடும். தினமும் சாலையில் போகிறவர் இதை ஒரு குறையாகவே எண்ணலாம், அதில் தப்பில்லை.

மற்றவை சுருக்கமாக. முன்பம்பருக்குக் கீழே காற்றைத் தடுக்கும் பிளாஸ்டிக் பட்டையை ஆஃப்-ரோடு வகையில் எடுத்துவிட்டதால் மேட்டில் ஏறும் கோணம் 29 பாகையிலிருந்து 32 ஆனது. பட்டை போனதில் காற்றெதிர்ப்பு கொஞ்சம் கூடும். அடித்தகடுகள் பாறையில் உரசுகிறவருக்குத் தேவை, சேற்றில் மட்டும் போகிறவருக்கு வெறும் கனம். இறக்கத்தில் தானே பிரேக் போடும் எலெக்ட்ரானிக் வசதி புதிதாக ஓட்டுகிறவருக்குத் தைரியம் தரும்.

டயரைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். ஸ்போர்ட்டில் 17 அங்குல ரிம், ஆஃப்-ரோடில் 16. வெளி விட்டம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. ரிம் சிறுத்த அளவுக்கு ரப்பர் சுவர் உயர்ந்திருக்கிறது, 172 மில்லிமீட்டருக்குப் பதில் 185. அந்த 13 மில்லிமீட்டர் எதற்கு என்றால், காற்றை இறக்குவதற்கு. ஒரு சக்கரத்தின் மேல் 500 கிலோ பாரம், உள்ளே 32 பிஎஸ்ஐ காற்று என்றால் டயர் தரையைத் தொடும் பரப்பு சுமார் 220 சதுர செ.மீ. காற்றைப் பாதியாக்கினால் பரப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். டயரின் தடம் அகலத்தில் அதிகம் மாறாது, நீளத்தில் வளரும். மணலில் புதையாமல் மிதப்பதற்கு இதைவிட மலிவான வழி கிடையாது. உயரமான சுவர் இருந்தால்தான் ரிம் பாறையில் இடிக்காமல் இவ்வளவு காற்றை இறக்க முடியும். திரும்பும் வழியில் காற்றடிக்கச் சின்ன கம்ப்ரஸர் ஒன்று கையில் இருக்க வேண்டும், அவ்வளவே.

மண்ணுக்கும் சக்கரத்துக்கும் நடுவே நடப்பதை ஒரு துறையாகவே ஆக்கியவர் போலந்தில் பிறந்த மியெச்சிஸ்வாவ் பெக்கர். அவருடைய முதல் பெரிய நூல் 1956-இல் வந்தது. மண் எவ்வளவு அமுங்கும், எந்த அளவு சறுக்கு விசையில் உடைந்து நழுவும் என்பதைச் சமன்பாடுகளாக்கினார். பின்னர் ஜெனரல் மோட்டார்ஸில் நிலவு ஊர்திக்கான சக்கரங்களில் பணிபுரிந்தார். 1971-இல் அப்போலோ 15 கொண்டுபோன அந்த ஊர்தியில் ரப்பரும் இல்லை, காற்றும் இல்லை. துத்தநாகம் பூசிய எஃகுக் கம்பி வலையால் பின்னிய சக்கரம், அதன்மேல் அம்புக்குறி வடிவில் டைட்டானியம் பட்டைகள். ஒவ்வொரு சக்கரத்துக்கும் கால் குதிரைசக்தியில் தனித்தனி மோட்டார், ஆகவே அங்கே டிஃபரன்ஷியலே கிடையாது, பூட்டும் தேவைப்படவில்லை. மொத்தம் ஒரு குதிரைசக்தியில் நிலவின் தூசியில் ஓடிய வண்டி அது.

அமெரிக்காவின் வட மாநிலங்களில் பனிக்காக என்றே ஆஃப்-ரோடு பேக்கேஜ் வாங்குகிறவர்கள் ஏராளம். மின்னசோட்டாவிலோ மிச்சிகனிலோ, பனியை ஒதுக்கிய சாலையில் வேலைக்குப் போய் வருகிறவருக்குப் பின்பூட்டு உதவுவதைவிடப் படுத்தவும் கூடும். நடு உயர்ந்து ஓரம் சரிந்த பனிச்சாலையில் பூட்டிய ஆக்ஸில் இரண்டு சக்கரங்களையும் ஒருசேர வழுக்கவிடும், வண்டி பக்கவாட்டில் ஓரத்துக்கு இறங்கும். சாதாரண டிஃபரன்ஷியலில் ஒன்று வீணாகச் சுழன்றாலும் மற்றது வழுக்காமல் உருண்டு பக்கவாட்டுப் பிடியை வைத்திருக்கும். அவருக்கு வேண்டியது பக்கச்சுவரில் மூன்று சிகரமும் ஒரு பனிச்செதிலும் பொறித்த டயர்கள். சாதாரண பேக்கேஜ் எடுத்து மிச்சத்தில் நான்கு குளிர்கால டயர் வாங்கினால் புத்திசாலி.

டிரெய்லர் இழுக்கிறவர் பார்க்க வேண்டிய இடம் வேறு. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்று அந்தக் குறிப்பிட்ட வண்டிக்கே அச்சிட்டது. வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையிலிருந்து வண்டியின் சொந்த எடையைக் கழித்த மீதி அது. அடித்தகடு, பெரிய ஆக்ஸில், சன்ரூஃப், எது ஏறினாலும் அந்த மீதி குறையும். ஸ்டிக்கரில் 500 கிலோ என்று இருப்பதாக வைப்போம். ஐந்து பெரியவர்கள் ஏறினால் 400 போயிற்று. டிரெய்லரின் எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் கொக்கியில் உட்காரும். 2,000 கிலோ டிரெய்லருக்கு அது 200 முதல் 300. விளம்பரம் 2,900 கிலோ இழுக்கும் என்று சொல்லியிருக்கலாம், இந்தக் குடும்பத்தோடு இந்த டிரெய்லரையே அது ஸ்டிக்கரின் வரம்புக்குள் இழுக்க முடியாது. ஒரே மாடலின் இரண்டு பேக்கேஜ்களுக்கு நடுவே இந்த எண் மாறும் என்பதால், கடையில் இரண்டு வண்டிகளின் கதவையும் திறந்து பார்ப்பதுதான் முறை.

இத்தனையும் தெரிந்த பின் எனக்கு ஒரு பிக்கப் வாங்க நேர்ந்தால் ஒரே ஒரு கேள்வியில் முடிவெடுப்பேன். பின்னால் எதைச் சேர்க்க முடியும், எதைச் சேர்க்க முடியாது? டயரை எந்தக் கடையிலும் மாற்றலாம். ஷாக் அப்சார்பர் அரை நாள் வேலை. அடித்தகடு போல்ட்டு முடுக்கி மாட்டுவது. பூட்டு மட்டும் ஆக்ஸிலைப் பிரித்து, கிரவுன் வீலும் அதைச் சுழற்றும் பினியனும் கவ்வும் இடைவெளியை மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு சுத்தமாக மறுபடி அமைத்து வைக்க வேண்டிய வேலை. தொழிற்சாலை அதை வயரிங்கோடும் கம்ப்யூட்டரோடும் சேர்த்து, வாரன்டியோடு கொடுக்கிறது. வெளியே செய்தால் கூலியும் பொருளும் சேர்ந்து பேக்கேஜ்களின் விலை வித்தியாசத்தையே தாண்டிவிடக்கூடும், பினியன் ஊளையிடத் தொடங்கினால் கேட்பதற்கும் ஆளில்லை. யூட்டாவின் மோவாப் பாறைகளில் ஏறுகிறவரோ, மரம் வெட்டும் காட்டுப் பாதையில் தினமும் போகிறவரோ என்றால் பூட்டோடு வருவதை வாங்கட்டும். சக்கரம் ஒருபோதும் அந்தரத்தில் தூக்காத ஊரில் இருப்பவர் ஸ்போர்ட்டையே எடுக்கலாம். பானெட் மேல் இருக்கும் அந்தப் பொய்த் திறப்பைப் பார்த்து அக்கம்பக்கத்தார் என்ன நினைத்தாலும், ஸ்டியரிங் கையில் நன்றாகவே இருக்கும்.